இரண்டு மேளங்களின் காதல்: மயிலாப்பூரிலிருந்து தரமணி வரை

ஜப்பானிய வார, மாத இதழ்களில் தொடராக வெளிவரும் சித்திரக்கதைக்கு மங்கா என்று பெயர். கதையை எழுதுபவரும் படத்தை வரைபவரும் பெரும்பாலும் ஒருவரே என்பதும், இதழில் வந்த ஓவியங்களே பின்னர் நூலாகத் தொகுக்கப்படுகின்றன என்பதும், வாசகர் மனத்தில் ஊன்றிவிட்ட அந்த முகங்கள் பிறகு திரைக்கும் தொலைக்காட்சிக்கும் செல்கின்றன என்பதும் அதன் இயல்பு. யோக்கோ காமியோ 1992ஆம் ஆண்டு மார்கரெட் என்னும் இதழில் தொடங்கிய ‘ஹானா யோரி டாங்கோ’ என்ற காதல் மங்கா, எளிய குடும்பத்துப் பெண்ணொருத்திக்கும் செல்வச் செருக்கு மிக்க இளைஞனுக்கும் இடையே மோதலாகத் தொடங்கிக் காதலாக முற்றும் கதையைச் சொல்வது. அது 2001இல் தைவானிலும், 2005இல் ஜப்பானிலும், 2009இல் கொரியாவிலும் தொலைக்காட்சித் தொடராயிற்று. அவற்றுள் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ என்ற கொரிய வடிவம், புதுயுகம் தொலைக்காட்சியின் வழியே தமிழ் பேசிக்கொண்டு சென்னை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும், வாரந்தோறும் படத்தோடு வளர்ந்து பின்னர் திரைக்குச் சென்ற காதல் கதை என்பது இந்நகருக்குக் கடல் கடந்து வந்த புதுப்பொருள் அன்று. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற புனைபெயரில் எழுத, கோபுலு படம் வரைய, 1957-58ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ அவ்வகைக் கதைகளில் தலையாயது, 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைத் திரைப்படமாக்கினார். கதை நிகழ்வது காவிரிக் கரையிலும் பாண்டிய நாட்டிலும் என்றாலும், அது எழுதப்பட்டது, வரையப்பட்டது, அச்சானது, படமானது எல்லாம் சென்னையில். அதன் தடங்களைத் தேடி மயிலாப்பூரில் தொடங்கி, ஜெமினி, தியாகராயநகர், அடையாறு வழியாகத் தரமணியில் முடியும் பயணம் ஒன்று, நகரப் பேருந்திலும் பறக்கும் ரயிலிலும் கால்நடையாகவும் எளிதில் செய்யக்கூடியது.

கபாலீசுவரர் கோயிலில் மாலைப் பூசைக்கு முன்னதாகச் சென்று சேர்பவர், நாகசுர இசைக் குழுவை அருகிலிருந்து காணலாம். நாகசுரத்தின் நீண்ட உடல் ஆச்சா மரத்தில் கடையப்படுவது. கீழே விரிந்திருக்கும் வாய்ப்பகுதிக்கு அணசு என்று பெயர். மேலே, உதட்டில் பொருந்தும் நாணல் துண்டு சீவாளி எனப்படும். வித்துவான் முதல் சீவாளியை எச்சிலில் நனைத்து ஊதிப் பார்க்கிறார். குரல் பிடிக்காவிட்டால், வாத்தியத்தின் கழுத்தில் நூலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் மாற்றுச் சீவாளிகளுள் ஒன்றை எடுத்து மாட்டுகிறார். தவிற்காரர் வலக்கை விரல்களில் கூடுகளை அணிந்து, இடக்கைக் கழியால் தோலைத் தட்டிப் பதம் பார்க்கிறார். இந்தச் சில நிமிட ஆயத்தத்தில் ஒலியைக் காட்டிலும் உடலின் பழக்கமே முன்நிற்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ கதைக்குப் படம் வரைந்தவர் கையாள வேண்டியிருந்த பொருள் இதுவே: ஒலியில்லாத தாளில், ஊதும் கன்னத்தையும் நிமிரும் முதுகையும் கொண்டு இசையைக் காட்டுவது.

நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழுவைப் பெரிய மேளம் என்றும், நாட்டியமும் அதற்குரிய பாட்டும் நட்டுவாங்கமும் சேர்ந்த குழுவைச் சின்ன மேளம் என்றும் அழைப்பது பழைய வழக்கு. இரண்டும் இசை வேளாளர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டவை. ஒரே கோயிலில், ஒரே திருவிழாவில், ஒரே வீட்டின் ஆணும் பெண்ணும்கூட இவ்விரண்டில் இயங்கியதுண்டு. கதையின் நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் பெரிய மேளத்தின் பெருமையைச் சுமப்பவன். நாயகி மோகனா சின்ன மேளத்தின் கடைசித் தலைமுறைகளில் ஒருத்தி. ஜதிக்கட்டுகள் நிறைந்து, கச்சேரியின் முடிவில் விறுவிறுப்பாக ஆடப்படும் உருப்படியே தில்லானா. அதை ஆடுபவளும் ஊதுபவனும் முதலில் எதிராளிகளாகச் சந்திக்கிறார்கள் என்பதில்தான் கதையின் சூடு இருக்கிறது. மங்கா மரபில் மோதலில் முளைக்கும் காதலுக்குப் பள்ளிக்கூடமும் பணமும் களமாகின்றன. இங்கோ வித்தைச் செருக்கு களமாகிறது. தன் வாசிப்பின்போது வாணவேடிக்கை வெடித்தால் எழுந்து போய்விடுகிற ஒருவனும், அப்படிப் போகிறவனை ஆட்டத்தால் நிறுத்த வல்ல ஒருத்தியும் காதலிக்கத் தொடங்கினால், யார் முதலில் இறங்கி வருவது என்பதே நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் போதுமான கேள்வி.

நாகசுரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்ட திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் மறைந்தார். தொடர்கதை அடுத்த ஆண்டு தொடங்கியது. சண்முகசுந்தரத்தின் தன்மானத்திலும் முன்கோபத்திலும் அவருடைய சாயலை ரசிகர்கள் கண்டதில் வியப்பில்லை. ஒரு மாமேதையை இழந்த துயரம் ஆறாதிருந்த வாசகர் கூட்டத்துக்கு அக்கதை வாரந்தோறும் நாகசுரத்தை மீட்டுத் தந்தது என்று கருத இடமுண்டு.

மாடவீதிகளைக் கடந்து லஸ் பக்கம் நடந்தால் பழைய புத்தகங்களின் உலகம் வருகிறது. பத்திரிகையில் வந்த தொடரைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, அத்தியாய வரிசையில் அடுக்கி, காலிக்கோ முதுகும் அட்டையும் போட்டுப் பைண்டு செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ் வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. அத்தகைய தொகுப்புகள் வீட்டுப் பெரியவர்களின் காலத்துக்குப் பின் பழைய புத்தகக் கடைகளுக்கு வந்துசேரும். அவற்றில் ஒன்றைப் புரட்டுபவர் கதையை மட்டும் படிப்பதில்லை. ஓவியர் கையால் எழுதிய தலைப்பெழுத்து, அத்தியாயத்தின் உச்சியில் பக்க அகலத்துக்குப் படரும் படம், அதன் கீழே இரு பத்திகளில் ஓடும் எழுத்து, மறுபக்கத்தில் தற்செயலாகத் தங்கிவிட்ட தைல விளம்பரம், இறுதியில் ‘தொடரும்’ என்ற சொல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்தப் படைப்பு. ஓவியத்தின் இடம் இதில் அலங்காரத்துக்குரியது அன்று. வாசகர் வரியைப் படிக்கும் முன் படத்தைப் பார்த்துவிடுகிறார். ஆகவே அவ்வாரத்தின் முதல் செய்தியைச் சொல்பவர் ஓவியரே.

லஸ்ஸிலிருந்து டி.டி.கே. சாலை வழியாக வடக்கே சென்றால் மியூசிக் அகாடமி. 1928இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 1931இல் நாட்டியத்துக்கு மேடை கொடுத்ததும், 1933இல் பாலசரஸ்வதி அங்கே ஆடியதும், சதிர் என்று வழங்கிய ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு நகரத்து அரங்குக்கு ஏறிய வரலாற்றின் முக்கியமான படிகள். மோகனாவின் கதை சென்னை வாசகருக்கு எழுதப்பட்ட நாளில், அவள் ஆடிய ஆட்டம் அவளுடைய வகுப்பை விட்டு வேறு வீடுகளுக்குப் போய்க் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. வாசகிகள் பலர் தங்கள் பெண்களை நாட்டிய வகுப்புக்கு அனுப்பிக்கொண்டே, அந்த நாட்டியத்தைத் தாங்கி வந்த குடும்பத்தின் கதையைப் படித்தார்கள்.

அகாடமியிலிருந்து கதீட்ரல் சாலை நேராக ஜெமினிக்குச் செல்கிறது. 1973இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தை மக்கள் இன்னும் ஜெமினி மேம்பாலம் என்றே சொல்கிறார்கள். ஜெமினி ஸ்டுடியோ இருந்த நிலத்தில் இப்போது தி பார்க் என்னும் நட்சத்திர விடுதியும் வணிகக் கட்டடங்களும் நிற்கின்றன. ஆனந்த விகடனின் உரிமையாளரான எஸ்.எஸ். வாசன் 1940இல் நிறுவிய ஜெமினி ஸ்டுடியோவில் கதை இலாகாவில் இருந்தவர் கொத்தமங்கலம் சுப்பு. நடிகர், கவிஞர், வசனகர்த்தா எனப் பல முகங்கள் கொண்ட அவர் இயக்கிய ‘ஔவையார்’ 1953இல் வெளிவந்தது. எனவே தில்லானாவைப் பத்திரிகைக் கதை பின்னர் சினிமாவாயிற்று என்று மட்டும் சொன்னால் பாதி உண்மையே சொன்னதாகும். பகலில் சினிமாக் கதை பேசிய மனிதரே அதை எழுதினார்; காட்சியாகப் பார்த்து எழுதும் பழக்கம் அவருக்குத் தொழிலாகவே வாய்த்திருந்தது.

இதே மண்ணுக்கு இன்னொரு முன்கதையும் உண்டு. ஜெமினிக்கு முன் இங்கிருந்த ஸ்டுடியோ இயக்குநர் கே. சுப்ரமணியத்துடையது, அவர் 1939இல் எடுத்த ‘தியாகபூமி’க்குக் கதை எழுதியவர் கல்கி. அக்கதை படப்பிடிப்பு நடந்த காலத்திலேயே விகடனில் தொடராக வந்தது. ஓவியங்களின் இடத்தில் படத்தின் காட்சிகளே புகைப்படங்களாக அச்சாயின. மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி பஜனையை நடத்திவந்த பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும், எஸ்.டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும் வாசகருக்கு முதல் அத்தியாயங்களிலேயே அறிமுகமானார்கள். கணவனால் கைவிடப்பட்ட பெண் பின்னர் செல்வந்தராகி, உரிமை கோரி வழக்காடும் கணவனுக்குத் தானே ஜீவனாம்சம் தர முன்வருவது அக்காலத்தில் பலரைத் திடுக்கிட வைத்தது. படம் வெளியான பின் பிரிட்டிஷ் ஆட்சி அதைத் தடை செய்தது, அதன் காந்திய அரசியலுக்காக. வரைந்த முகம் நடிகரின் முகமாக மாறும் இடைவெளியே இல்லாமல், தாளும் திரையும் ஒரே வேளையில் ஒரே கதையைச் சொன்ன அந்தச் சோதனை இன்றைக்கும் துணிச்சலானதாகவே தோன்றுகிறது.

தில்லானாவில் அந்த இடைவெளி பத்தாண்டுகள் நீண்டது, அந்தப் பத்தாண்டும் கோபுலுவுக்குச் சொந்தம். 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்று, ஓவியர் மாலியால் கண்டெடுக்கப்பட்டு விகடனுக்கு வந்தவர் அவர். திருவிழாப் பந்தலையும், தவில் வாசிப்பவரின் தொடை அமைப்பையும், மிராசுதார் சாய்ந்திருக்கும் திண்டையும் அவர் மாதிரிப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவருடைய கோடு சிக்கனமானது. ஆனால் கதாநாயகியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனி முகம் இருக்கும். கேட்டுக்கொண்டே தூங்குபவர், வெற்றிலைச் செல்லத்தைத் தேடுபவர், தாளத்தைத் தவறாகப் போடுபவர் என்று ஒரு சபை முழுவதையும் ஒரு சட்டத்துக்குள் உட்கார வைக்கும் திறமை அவருக்கே உரியது. காதலர் இருவர் பார்த்துக்கொள்வதை வரைவது எளிது. அவர்கள் பார்த்துக்கொள்வதைச் சபையில் யார் யார் கவனித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்து வரைந்தால்தான் இக்கதையின் காதல் புலப்படும், ஏனென்றால் அது தனிமை வாய்க்காத இருவரின் காதல்.

ஜெமினியிலிருந்து ஜி.என். செட்டி சாலையில் இறங்கினால் தியாகராயநகர் தொடங்குகிறது. திரைப்படத்தின் ஊர் இது. தெற்கு போக் சாலை இன்று செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று பெயர் பெற்றிருக்கிறது. சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜியின் ‘அன்னை இல்லம்’ அங்கேதான் இருக்கிறது. படத்தில் தரகர் வைத்தியாக நடித்த நாகேஷின் பெயரில் இந்த வட்டாரத்தில் ஒரு திரையரங்கு இருந்து, பின்னர் திருமண மண்டபமாயிற்று. பாடல்களை எழுதிய கண்ணதாசனுக்கு இங்கே ஒரு சாலை உண்டு. ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையமும் சென்னையில் இயங்குவதை நினைக்கையில், மங்காவும் விகடனும் இந்த ஒரு நகரில் எவ்வளவு அருகருகே வாழ்கின்றன என்ற எண்ணம் எழாமல் இருக்காது.

படம் கதைக்குக் கொடுத்த முதற்கொடை ஒலி. மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாகசுரமும் கே.வி. மகாதேவனின் இசையும், தாளில் ஊமையாக இருந்ததைப் பேச வைத்தன. இரண்டாவது கொடை நடிகரின் உடல். விரல்கள் துளைகளில் இடம் தவறாமல் ஓட, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு முடியும் இடத்தில் தோள் தளர்வது வரை சிவாஜி காட்டியதைப் பார்த்த கண்ணுக்கு, வாசிப்பவர் வேறு என்பது நினைவுக்கு வருவதே இல்லை. காயம்பட்டுத் தேறி வந்தவன் வாசிக்க, அவனை விசாரிக்க வழியில்லாத மோகனாவாகப் பத்மினி சபை நடுவே ஆட்டத்தின் அபிநயத்தாலேயே உடல்நலம் கேட்கும் காட்சி தமிழ்த் திரையின் மிக உயர்ந்த காதல் காட்சி என்று தயங்காமல் சொல்லலாம். அபிநயம் என்பது பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் விளக்குவது. அவள் விளக்கும் பொருள் சபைக்கு ஒன்றாகவும் அவனுக்கு வேறொன்றாகவும் சென்று சேர்கிறது. கண்ணீர் வந்தால் கலையில் குறை, வராவிட்டால் காதலில் குறை என்ற இக்கட்டில் அந்த முகம் நின்றுகொண்டிருக்கிறது. இரு மேளங்களும் ஒன்றுக்கொன்று போட்டியிடாமல் முதன்முதலாக ஒரே வேலையைச் செய்யும் இடமும் அதுவே.

இழப்பு இல்லாமலில்லை. வாரக்கணக்கில் அலைந்து திரிந்த கதையை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கியபோது வழிநடைச் சத்திரங்களும் சில்லறை மனிதர்களும் உதிர்ந்தார்கள். எஞ்சிய துணைப் பாத்திரங்கள் நாகேஷ், மனோரமா, டி.எஸ். பாலையா, சி.கே. சரஸ்வதி ஆகியோரால் கொழுந்துவிட்டு வளர்ந்தன என்பது ஈடு. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. பின்னர் 1989இல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’, நாகசுரத்தையும் நாட்டியத்தையும் கரகத்தால் மாற்றி, ஏறத்தாழ இதே உறவை நாட்டார் கலையின் வெயிலுக்கு இறக்கிவிட்டது. ஒரு மங்கா தைவானுக்கும் கொரியாவுக்கும் போய் அந்தந்த ஊர்ப் பணக்காரர்களை உடுத்திக்கொண்டதற்கு இணையானது இந்தச் சாதி, கலை இடப்பெயர்ச்சி. விரிவாக ஆராயத் தக்கது.

அடையாற்றுக்கு வருகையில் கதையின் கடினமான பகுதி எதிர்ப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் பெசன்ட் அவென்யூவில் இருக்கிறது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் நடத்திய போராட்டம் 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தில் நிறைவேறியது. அதே அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் 1935இல் ருக்மிணி தேவி நாட்டியம் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரா பிறந்து, பிற்பாடு திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. சிறிது தொலைவுக்குள், ஒரு பெண்கூட்டத்தின் விடுதலைக்குக் குரல் கொடுத்த இல்லமும், அந்தக் கூட்டத்தின் கலையை வேறு சமூகத்தார் ஏற்றுக்கொண்ட பள்ளியும் இருக்கின்றன. மோகனாவின் தாய் வடிவாம்பாள் மகளுக்குப் பணமுள்ள புரவலரைத் தேடுகிறாள். மகளோ ஒருவனையே மணந்து வாழ விரும்புகிறாள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ இதே உலகத்தைக் கசப்போடு உள்ளிருந்து காட்டிய நாவல். அதனோடு வைத்துப் பார்த்தால், சுப்புவின் கதை ஒரு சமூகத்தின் சிக்கலை ஒரு பெண்ணின் உறுதியாலும் ஒரு தாலியாலும் தீர்த்துவிட்டது என்ற குறை தோன்றுகிறது. குறை உண்மையானதே. ஆயினும் அந்தக் குடும்பத்துப் பெண்ணைப் பரிதாபத்துக்குரியவளாகவோ மயக்குபவளாகவோ காட்டாமல், தன் வித்தையில் தலைநிமிர்ந்தவளாக லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்துக்குக் கொண்டுவந்த கதை அதுதான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடையாற்றின் காந்திநகரில் ‘தியாகபூமி’ இயக்குநர் கே. சுப்ரமணியம் 1942இல் தொடங்கிய நிருத்தியோதயா நாட்டியப் பள்ளி இருக்கிறது. 2017இல் திறக்கப்பட்ட சிவாஜி மணிமண்டபமும் அடையாற்றில்தான். கடற்கரைச் சாலையிலிருந்து அகற்றப்பட்ட சிலை அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. நடிகருக்கு மண்டபமும் சாலையும், கவிஞருக்குச் சாலையும், ஸ்டுடியோவுக்கு மேம்பாலத்தின் வாய்வழிப் பெயரும் கிடைத்திருக்க, மோகனாவுக்கு முதன்முதல் முகம் கொடுத்த ஓவியரின் தடம் மட்டும் இவ்வளவு தூரத்திலும் வழியில் தென்படவில்லை. கோபுலு 1963இல் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்று, 2015இல் சென்னையில் காலமானார்.

கஸ்தூரிபா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி சில நிலையங்களே. அங்குள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் தொடங்கப்பட்டது. தமிழ்த் தொடர்கதையை அது வெளிவந்த வடிவிலேயே படிக்க விரும்புவோர் நாட வேண்டிய இடம் இத்தகைய நூலகமே. ஏனெனில் தொடர்கதைகள் நூலானபோது பெரும்பாலும் ஓவியங்கள் கழிக்கப்பட்டன, காகிதச் செலவும் அச்சுக்கட்டைச் செலவும் அதற்குக் காரணமாக இருந்தன. ஜப்பானில் யோக்கோ காமியோவின் கோடுகளை நீக்கிவிட்டு உரையாடலை மட்டும் அச்சிட்டு அதை அவருடைய படைப்பு என்று எவரும் விற்க முடியாது. தமிழில் அதற்கு நிகரானது எத்தனையோ நாவல்களுக்கு நிகழ்ந்து, அது இயல்பு என்றும் ஆகிவிட்டது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மணியத்தின் ஓவியங்களோடு விகடன் பிரசுரத்தின் பதிப்பாக மீண்டபோது வாசகர் அதை வரவேற்றனர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் படங்கள் வந்த சமயத்தில், வந்தியத்தேவனும் குந்தவையும் மணியம் வரைந்தபடி இருக்கிறார்களா என்று குடும்பங்களில் வாக்குவாதம் நடந்ததே ஓவியரும் அக்கதைக்கு ஆசிரியர் என்பதற்குச் சான்று. ‘தில்லானா மோகனாம்பாள்’ கதைக்கும் அவ்வாறே, ஒவ்வோர் அத்தியாயத்தின் படமும் இதழில் இருந்த அதே இடத்தில், அதே அளவில் அச்சிடப்பட்டு, அட்டையில் கொத்தமங்கலம் சுப்புவின் பெயரை அடுத்து அதே எழுத்தளவில் கோபுலுவின் பெயரும் இடம்பெற வேண்டும்.